பருந்து சுடாத பெரியையாவுக்கு

எப்போதும் என் நெஞ்சுக்குள் இருக்கிற பெரியையாவுக்கு,

முதலில் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. பன்னிரண்டு நாளைக்கு முந்தி, நெடுந்தீவில், ஒரு மைதானத்தில், ஊர்ச்சனம் பாதி கூடி நிற்க, இடுப்பில் கட்டியிருந்த என் சாரம் தலைக்கு மேலே போய்விட்டது. ஹெலிகொப்டர் இறங்கிய காற்று அப்படி. என் இரண்டு கையிலும் மகளின் பைகள். பையை விட்டுச் சாரத்தைப் பிடிப்பதா, சாரத்தை விட்டுப் பையைப் பிடிப்பதா என்று நான் யோசித்து முடிக்க முன்னம் காற்று தானே முடிவெடுத்துவிட்டது.

நல்லகாலம், உள்ளே காற்சட்டை போட்டிருந்தேன். கெட்டகாலம், அது மருமகன் ஆசைக்கு வாங்கித் தந்த பூப்போட்ட காற்சட்டை. சம்பந்தியம்மா சேலைத் தலைப்பால் முகத்தை மூடினா. அழுதாவோ சிரித்தாவோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ஸ்ரெச்சரில் கிடந்த என் மகள் யாழினி மட்டும், அந்த நோவுக்குள்ளும், "அப்பா, பொத்துங்கோ" என்றாள்.

பொத்தினேன். ஆனால் பெரியையா, நான் பயந்தது மானம் போனதுக்கு இல்லை. அந்தச் சத்தத்துக்கு.

உங்கள் நினைவுநாளுக்கு வருசா வருசம் பேப்பரில் ஒரு சின்னப் படமும் நாலு வரியும் போடுவோம். இந்த முறை நாலு வரிக்குள் அடங்காது. நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், குறிகட்டுவான் இறங்குதுறையில் ஓட்டோ ஓடுகிறவன். எழுத்துப்பிழை இருந்தால் நீங்கள்தான் பொறுக்கவேணும். உயிரோடு இருந்தபோது பொறுத்ததில்லை. என் கொப்பியைப் பார்த்துவிட்டு "உதென்ன, கோழி கிளறினதோ?" என்று கேட்ட ஆள் நீங்கள்.

இதைப் பெரியாஸ்பத்திரி விறாந்தையில் இருந்து எழுதுகிறேன். எனக்கு முன்னால் இருக்கிற கதவுக்குப் பின்னே, முன்கூட்டிப் பிறந்த பிள்ளைகளைக் கண்ணாடிப் பெட்டிகளுக்குள் வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு பெட்டிக்குள் கிடக்கிறாள் உங்களுடைய பூட்டப்பிள்ளை, யாழினியின் மகள். பெயர் இன்னும் வைக்கவில்லை. பேக்கரியில் வாங்குகிற மூன்று றாத்தல் பாணைச் சேர்த்து வைத்தால் அவளை விடப் பாரமாக இருக்கும். தப்புவாளா என்று டொக்டர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பயத்தில்.

பயத்தைப் பற்றிக் கதைக்க எனக்குத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள். அதனால்தான் இது.

வாசிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கவேணும் என்பதால் உங்களுக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்லுகிறேன், கோபிக்காதேங்கோ. புங்குடுதீவு மடத்துவெளியில் உங்களை ஒருவரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பருந்தர்" என்றால்தான் தெரியும். கொழும்பில் கிளாக்கராக இருந்த பொடியன், பெரிய உலக யுத்தம் தொடங்க வெள்ளைக்காரனுடைய விமானப் படையில் சேர்ந்து கப்பல் ஏறினீங்கள். யுத்தம் முடிந்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு, ஒரு வெள்ளிப் பதக்கத்தோடு வந்து இறங்கினீங்கள். அங்கே என்ன வேலை செய்தாய் என்று வீட்டில் கேட்டதுக்கு, "எயார் கன்னர்" என்றீங்களாம்.

அங்கேதான் பிழை வந்தது. எயார் கன் என்றால் என்னவென்று ஊரில் எல்லாருக்கும் தெரியும். ஈயக்குண்டு போட்டுக் காகம் கலைக்கிற காற்றுத் துவக்கு. மடத்துவெளியிலேயே இரண்டு இருந்தது. ஆகவே, குருவி சுடுகிறதுக்குத்தான் வெள்ளைக்காரன் உங்களைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான் என்று ஊர் முடிவெடுத்துவிட்டது. சாட்சிக்குப் பதக்கமும் இருந்தது. முன்பக்கம் ராசாவின் தலை. பின்பக்கம் ஒரு பொம்பிளை இருக்கிறா, அவவின் கையிலிருந்து ஒரு பருந்து எழும்புகிறது. "உதோ பாருங்கோ, பருந்து! பருந்து சுட்டதுக்குத்தான் குடுத்திருக்கிறாங்கள்." காலை இழுக்கிறது? "பருந்து கொத்திப்போட்டுது."

கருடனைச் சுட்டது பாவம் என்று சிலர் சொன்னார்கள். "அப்பிடிச் சொல்லாதேங்கோ, நயினாதீவு அம்மனுக்குப் பாம்புதானே எல்லாம். கருடனைச் சுட்டவர் போனால் அம்மன் எழும்பி நிண்டு கும்பிடுவா" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் ஒருவருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. "எத்தினை பருந்து பெரியையா?" என்று நான் சின்னனில் கேட்க, "எண்ணேல்லை" என்றீங்கள். அவ்வளவுதான். பஸ்ஸில் ஏறினால் கடைசி இருக்கைக்குப் போய், திரும்பி, பின்கண்ணாடியால் பார்த்துக்கொண்டு வருவீங்கள். போகிற பாதையை ஒருநாளும் பார்த்ததில்லை. பருந்து கொத்தின பயம் என்று அதுக்கும் ஒரு விளக்கம் இருந்தது.

பிறகு எங்கள் சண்டை வந்தது. குண்டு போடுகிற பொம்மர் விமானம் வந்தது. வளவுக்குள் கிடங்கு வெட்டி, மேலே பனங்குற்றி அடுக்கி, மண்மூட்டை போட்டுப் பங்கர் கட்டினோம். உங்கள் தம்பி, என் ஐயா, அதுக்கு முன்னமே செத்துப்போனார். நான், அம்மா, நீங்கள், பக்கத்து வீட்டுச் சனம். எனக்கு அப்போது முப்பதும் ஆகவில்லை. சத்தம் கேட்டதும் முதல் ஆளாக உள்ளே பாய்கிறது நான். அம்மாவுக்கு வழி விடவேணும் என்பது உள்ளே போய்க் குந்தின பிறகுதான் ஞாபகம் வரும்.

ஒருநாள் காலமை பொம்மர் வந்து, குத்தி, எழும்பிப் போனது. சத்தம் தேய்ந்தது. அம்மா எழும்பினா.

"போயிட்டான். விடுங்கோ, உலை கொதிக்குது."

நீங்கள் பங்கர் வாசலுக்குக் குறுக்கே ஊன்றுகிற பொல்லைப் போட்டீங்கள். "எழும்பாதேங்கோ. திரும்புறான்."

"சத்தமே இல்லை, அத்தான்."

"தூரத்திலை வளைக்கிறான், அதுதான் சத்தம் இல்லை. இருங்கோ, பிள்ளை."

வந்தான். எங்கள் குசினி போனது. உலையும் போனது. அம்மா போகவில்லை.

புழுதி கொஞ்சம் அடங்கினதும் அம்மா வாய்க்குள்ளிருந்த மண்ணைத் துப்பிவிட்டுக் கேட்டா, "உங்களுக்கு எப்பிடித் தெரியும்? பருந்து சுட்ட ஆளுக்கு?"

"நான் பருந்து சுடேல்லை, பிள்ளை. நான் பொம்மருக்கை இருந்தனான்."

பெரியையா, வேறு எந்தச் சொல்லையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். கப்பல் என்று சொல்லியிருக்கலாம். பிளேன் என்று சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில், அந்தக் கிடங்குக்குள், பொம்மர் என்ற சொல்லுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா தன் பிள்ளையை உங்கள் பக்கமிருந்து மற்ற மடிக்கு மாற்றினா. நான்தான் வாயைத் திறந்தேன். எப்போதும் நான்தானே.

"அப்ப நீங்களும் உப்பிடித்தான் சனத்தின்ரை தலையிலை போட்டனீங்களோ?"

நீங்கள் என்னைப் பார்க்கவில்லை. "போட்டது முன்னுக்கு இருந்தவன். நான் வாலுக்கை, பின்னைப் பாத்துக்கொண்டு இருந்தனான்." பிறகு, ஒருவருக்கும் இல்லாமல் சொன்னீங்கள். "முன்னுக்கு இருக்கிறவன் போட்டிட்டுப் போயிடுவான், தம்பி. பின்னுக்கு இருக்கிறவன்தான் எரியிறதைப் பாக்கிறவன்."

மூன்று நாள் உங்களோடு ஒருவரும் முகம் குடுத்துக் கதைக்கவில்லை. அம்மா சாப்பாட்டைப் போட்டு முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவா. நாலாம் நாள் பின்னேரம், வரும் வரும் என்று நாங்கள் இரண்டு பேரும் பங்கருக்குள் காத்திருந்தபோது, நான் கேளாமலே நீங்கள் சொல்லத் தொடங்கினீங்கள்.

வால் நுனியில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஒராள்தான் இருக்கலாம், காலை நீட்ட ஏலாது. குளிரில் மூச்சு கட்டியாகி மீசையில் ஒட்டும். மற்ற ஆறு பேரும் முன்னுக்கு, ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு. நீங்கள் மட்டும் தனியே, பின்னைப் பார்த்தபடி. கையில் நாலு துவக்கு.

"எத்தினை பேரைச் சுட்டனீங்கள்?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் முக்கியம்.

"சுட்டனான். ஆருக்குப் பட்டுதோ தெரியாது. விசரா, சுடுறதில்லை வேலை. பாக்கிறதும் சொல்லுறதும்தான் வேலை. இடப்பக்கத்தாலை ஒருத்தன் வாறான், திருப்பு எண்டு கத்தவேணும். பின்னுக்கு இருக்கிறவன் வாய் மூடினால் ஏழு பேருக்கும் முடிஞ்சுது."

அதனால் ஓட்டுகிறவர் பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் வயர் வழியே கேட்பாராம். பின்னுக்கு, இருக்கிறியோ? நீங்கள் சொல்லவேணும். இருக்கிறன். அவ்வளவுதான். மறுமொழி வராவிட்டால் அவர்களுக்கு விளங்கிவிடும்.

பதக்கம் கிடைத்தது அந்த ஒரு சொல்லுக்குத்தான் என்று சொன்னீங்கள். ஒரு பயணத்தில் உங்கள் கூண்டை உடைத்துக்கொண்டு சன்னங்கள் வந்தன. வந்தவனை நீங்கள் திருப்பிச் சுட்டுக் கலைத்தீங்கள். காலில் பட்டுவிட்டது. அதுக்குப் பிறகு வீடு திரும்ப மூன்று மணித்தியாலம். பத்து நிமிசத்துக்கு ஒருக்கால் அவர் கேட்டார். நீங்கள் இருக்கிறன் என்றீங்கள். காலைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் ஒருவன் தன் இடத்தை விட்டு உங்களைப் பார்க்க வருவான், அந்தப் பக்கத்துக்குக் கண் இல்லாமல் போய்விடும். இறங்கின பிறகு கூண்டைத் திறந்தவர்கள்தான் சப்பாத்துக்குள் உறைந்திருந்த இரத்தத்தைக் கண்டார்கள்.

"அப்ப வீரம்தானே பெரியையா?"

"துணிவெண்டு கடுதாசியிலை எழுதியிருக்கு. பயத்திலை வேறை ஒரு சொல்லும் வாயிலை வரேல்லை எண்டு அவங்களுக்குத் தெரியாது."

அதுக்குப் பிறகு பங்கருக்குள் நீங்கள்தான் ஓட்டுகிற ஆள். சத்தம் தலைக்கு மேலே வரும்போது ஒவ்வொருவராகக் கேட்பீங்கள். "தம்பி, இருக்கிறியோ?" "இருக்கிறன்." "பிள்ளை, இருக்கிறீரோ?" "இருக்கிறன், அத்தான்." பக்கத்து வீட்டு அண்ணை ஒருநாள், "பருந்தர், நான் இருக்கிறன். சாரம்தான் நனைஞ்சு போச்சு" என்றார். குண்டு விழுகிற நேரத்தில் நாங்கள் அத்தனை பேரும் சிரித்தோம். அந்த அக்காவும் சிரித்தா. பிள்ளையைப் பழைய மடிக்கு மாற்றினா.

இப்போது நெடுந்தீவுக்கு வருகிறேன். யாழினி அங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள், அங்கேயே கலியாணம் கட்டினவள். வயிற்றில் ஏழு மாதம். முருங்கைக்காயும் ஒடியல் மாவும் கொண்டுபோய்க் குடுத்துவிட்டு அடுத்தநாளே திரும்புகிற எண்ணத்தில்தான் போனேன். சோழகக் காற்று பிடித்துக்கொண்டது. படகு இல்லை. அலுவலாக யாழ்ப்பாணம் போன மருமகன் அந்தக் கரையில், நான் இந்தக் கரையில். மூன்றாம் நாள் காலமை யாழினி கிணற்றடியில் நின்று "அப்பா" என்று கூப்பிட்டாள். அந்தக் குரல் சரியில்லை. போய்ப் பார்த்தால் காலடியில் இரத்தம்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் பிள்ளை, என் மகளை விட ஒரு வயது கூட இருக்கும், மெல்லச் சொன்னா. "இங்கை வைச்சிருக்க ஏலாது, ஐயா. கடலாலை கொண்டுபோகவும் ஏலாது. ஹெலிக்குச் சொல்லியாச்சு. ஒராள் கூடப் போகலாம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவ வானத்தைப் பார்த்தா. புங்குடுதீவு வீட்டிலிருந்து என் மனுசி போனில் வந்தாள்.

"பாலத்திலை காத்தடிச்சாலே ஓட்டோவை நிப்பாட்டிற ஆள் நீங்கள். ஏறுவீங்களே?"

"ஏறுவன்."

"ஏறாட்டி இந்தப் படலைக்குள்ளை வரவேண்டாம்." பிறகு அவளுடைய குரலும் உடைந்தது. "பிள்ளையைத் தனிய விட்டிடாதேங்கோ."

மைதானத்தில் நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கடல் பக்கமிருந்து அந்தச் சத்தம். பெரியையா, என்னைக் கேளாமலே என் உடம்பு ஓடியது. அறுபது தாண்டின உடம்பு, முழங்கால் நோவுகிற உடம்பு, மகளை ஸ்ரெச்சரில் விட்டுவிட்டு ஓடி, கல்வேலி ஓரமாய்த் தலையைப் பொத்திக்கொண்டு குந்திவிட்டது. முப்பது வருசத்துக்கு மேலாயிற்று. சண்டை முடிந்தது என்று அந்த உடம்புக்கு இன்னும் ஒருவரும் சொல்லவில்லை.

டொக்டர் பிள்ளை வந்து என் தோளைத் தொட்டா. "ஐயா, இது உங்களைக் கூட்டிக்கொண்டு போக வந்தது." அவவும் அந்தக் காலத்தில் எங்கேயோ ஒரு பங்கருக்குள் பிறந்திருக்கவேணும். சிரிக்கவில்லை. பைகளை எடுத்து என் கையில் தந்தா. அதுக்குப் பிறகுதான் சாரத்தின் கதை.

உள்ளே இருந்த விமானப்படைச் சிங்களப் பொடியன் எனக்கு வார் போட்டு இறுக்கினான். தனக்குத் தெரிந்த தமிழில், "அப்பா, பயம் வேணாம்" என்றான். இந்தச் சத்தத்தோடு வருகிற ஒருவன் எங்களைத் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றவும் வருவான் என்று அன்றைக்கு அந்தப் பங்கருக்குள் யாராவது சொல்லியிருந்தால் அம்மா பொல்லெடுத்திருப்பா. நான் தலையை ஆட்டினேன். பல் கிடுகிடுத்ததை அவன் தலையாட்டல் என்று எடுத்திருக்கவும் கூடும்.

எழும்பின பிறகுதான் கண்டேன். என்னை இருத்தியிருந்தது பின்னைப் பார்த்த இருக்கையில்.

நெடுந்தீவு என் கண்ணுக்கு முன்னால் சின்னதாகிக்கொண்டு போனது. கல்வேலிகள் பிள்ளைகள் கீறின கோடு மாதிரி, குதிரைகள் எறும்பு மாதிரி. போகிற இடம் தெரியாது. விட்டு வந்ததுதான் தெரியும். அந்தப் பயத்துக்குள் நான் உங்களை நினைத்தேன். முப்பது தரமோ என்னமோ போய்வந்தேன் என்றீங்கள். எப்படி, பெரியையா? நான் ஒரு தரம் போனேன், பகலில், ஒருவரும் சுடாமல், இருபது நிமிசம்கூட இல்லை. கண்ணைத் திறந்து வைத்திருக்கிறதே பெரும்பாடாய்ப் போனது.

யாழினி எனக்குப் பின்பக்கமாய்க் கிடந்தாள். முகம் தெரியாது. கையை மட்டும் பின்னுக்கு நீட்டி அவளுடைய கையைப் பிடித்திருந்தேன். நான் சொல்லாமலே வாய் கத்தியது: "பிள்ளை, இருக்கிறியே?"

அவளுக்கு அது தெரியும். சின்னனில் கரண்ட் போனால் நான் அப்படித்தான் கேட்பேன், அவள் இருட்டுக்குள்ளிருந்து "இருக்கிறன்" என்பாள். அந்தச் சத்தத்துக்குள் என் குரல் கேட்டிருக்காது. ஆனால் என் விரலை ஒருக்கால் அழுத்தினாள். கொஞ்சம் பொறுத்துத் திரும்பக் கேட்டேன். அழுத்தினாள். கடலின் நிறம் மாறிக்கொண்டு போனது. ஏழு தரம் கேட்டேன், ஏழு தரமும் அழுத்தினாள். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாய்க் குறைந்துகொண்டு வந்தது.

எட்டாவது தரம் விரல் அழுத்தவில்லை.

மறுமொழி வராவிட்டால் விளங்கிவிடும் என்று சொன்னீங்களே. விளங்கிவிட்டது. நான் திரும்ப முயன்றேன், வார் விடவில்லை. கத்தினேன். என்ன கத்தினேன் என்று தெரியாது, அந்தப் பொடியன் பாய்ந்து வந்து வாரைக் கழற்றிவிட்டான். கூட வந்த நேர்ஸ் யாழினியின் கன்னத்தில் தட்டினா, பிறகு பலமாகத் தட்டினா. நான் அவளின் முகத்துக்கு மேலே குனிந்து கேட்டேன், கேட்டேன், கேட்டேன். கண் திறந்தது. உதடு அசைந்தது. சத்தம் இல்லாவிட்டாலும் வாசிக்க முடிந்தது: "இருக்கிறன். கத்தாதேங்கோ."

அப்போதுதான் அவளுக்குக் கீழே இருந்த துணியின் சிவப்பைக் கண்டேன். சொல்லவில்லை. உங்கள் காலை நீங்கள் சொல்லாததுபோல நானும் என்று பெருமைக்கு வைத்துக்கொள்ளலாம்தான். உண்மை, நாக்கு ஒட்டிவிட்டது.

இறங்கினோம். ஓடினார்கள். கதவு மூடியது. மருமகன் ஓடி வந்து என்னிடம் "மாமா, எப்பிடி இருக்கிறா?" என்று கேட்க, நான் கையிலிருந்த பைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டு நின்றேனாம். யாழினி தப்பிவிட்டாள். இப்போது சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து பெட்டியைப் பார்க்கிறாள். பிள்ளையின் பாடுதான் இன்னும் தெரியவில்லை. ஒருநாள் கொஞ்சம் நல்லம் என்கிறார்கள். அடுத்தநாள் மூச்சு சரியில்லை என்று ஓடுகிறார்கள். அந்தப் பெட்டியில் ஒரு மணி இருக்கிறது. அது அடிக்கிற ஒவ்வொரு தரமும் நான் பங்கர் வாசலைத் தேடுகிறேன்.

இன்று காலமை நேர்ஸ் பிள்ளை என்னையும் உள்ளே விட்டா. "தாத்தா, பெட்டியிலை வட்டமா ஓட்டை இருக்குத்தானே, அதாலை கதையுங்கோ. குரல் கேட்டால் பிள்ளைக்கு நல்லது." போய்க் குனிந்தேன். உங்களுக்குத் தெரியும், குறிகட்டுவானில் ஆள் பிடிக்க நான் கூப்பிடுகிற சத்தம் நயினாதீவு வரை கேட்கும். ஒரு சொல் வரவில்லை. அவ்வளவு சின்னதாய், கண்ணாடிக்குள், தனியே, வயர்களோடு கிடக்கிறாள். நான் உங்கள் கூண்டை ஒருநாளும் கண்டதில்லை. கண்டுவிட்டேன்.

"அப்பா, கேளுங்கோவன்" என்றாள் யாழினி.

"என்னத்தை?"

"எப்பவும் கேக்கிறதைத்தான்."

கேட்டேன். "இருக்கிறியே, பிள்ளை?" என் பெருவிரல் அளவு பாதம் ஒன்று எழும்பிக் கண்ணாடியில் முட்டியது.

"இருக்கிறாளாம்" என்றாள் யாழினி.

நான் உடனே வெளியே வந்துவிட்டேன். ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருப்பாள். இல்லை, பெரியையா. மறுமொழி வந்தபோதுதான், மறுமொழி வராத ஒன்று ஞாபகம் வந்தது. அதுதான் கொப்பியைத் திறந்தேன்.

சண்டைக்குப் பயந்து தீவுச்சனம் எல்லாம் கிளம்பி யாழ்ப்பாணப் பட்டினத்துக்குப் போய்ப் பள்ளிக்கூடங்களில் இருந்த காலம். உங்களுக்குக் காய்ச்சல். வாங்கு இரண்டைச் சேர்த்து உங்களைப் படுக்க வைத்திருந்தோம். ஒரு வகுப்பறைக்குள் ஆறு குடும்பம். நீங்கள் நித்திரையும் முழிப்புமாய்க் கிடந்து, கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் கேட்பீங்கள். "தம்பி, இருக்கிறியோ?" "இருக்கிறன்." திரும்ப. "இருக்கிறன், பெரியையா." திரும்ப. இரண்டு நாள். நூறு தரமாவது சொல்லியிருப்பேன். மற்றக் குடும்பத்துப் பிள்ளைகள் உங்களைப் போலச் சொல்லிக் காட்டிச் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு வெட்கம், அலுப்பு.

மூன்றாம் நாள் மத்தியானம். தண்ணிக்கு வரிசையில் நின்று களைத்து வந்து, உங்களுக்கு இரண்டு முழம் தள்ளிப் பாயில் சரிந்திருந்தேன். நித்திரை இல்லை. "தம்பி, இருக்கிறியோ?" என்றீங்கள். வடிவாகக் கேட்டது. கண்ணை மூடிக்கொண்டு, நித்திரை மாதிரிக் கிடந்தேன். ஒருக்கால் சும்மா இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

நீங்கள் திரும்பக் கேட்கவில்லை. அம்மா வந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அழுதா.

மறுமொழி வராதபோது உங்களுக்கு என்ன விளங்கியிருக்கும்? நான் போய்விட்டேன் என்றா? பொம்மர்க்காரரோடு இன்னும் கோபம் என்றா? எனக்குக் கோபம் இல்லை, பெரியையா. அலுப்புத்தான். அது கோபத்தை விடக் கேவலம்.

இன்னொன்றும் செய்தேன். அதுக்குப் பிறகு யார் கேட்டாலும், "பருந்து சுட்டுப் பதக்கம் எடுத்தவர்" என்றுதான் சொல்லிவந்தேன். ஓட்டோவில் ஏறுகிறவர்களுக்கும் பகிடியாகச் சொல்லிச் சிரிக்க வைத்தேன். குண்டு விழுந்த ஊரில் பொம்மர் என்ற சொல்லைச் சொல்லப் பயம். அந்தப் பருந்துக்குப் பின்னால் உங்களை இத்தனை வருசம் ஒளித்து வைத்தேன். நீங்களும் அங்கேதான் ஒளித்திருந்தீங்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொன்னேன்.

இனி இல்லை. இந்தப் பிள்ளை தப்பி வளர்ந்து, அலுமாரியைத் திறந்து, பதக்கத்தை அதன் சரிவாய்க் கோடு போட்ட ஊதா நாடாவில் பிடித்துத் தூக்கி, "இது ஆரின்ரை?" என்று கேட்டால், பருந்து என்று சொல்லமாட்டேன். பொம்மரின் வாலில் இருந்தவர், எரிந்ததைக் கண்டவர், பயந்தவர், பயந்துகொண்டே மறுமொழி சொன்னவர் என்று சொல்லுவேன். என் ஓட்டோவில் இருந்து யாரும் "பருந்தர்" என்று வாய் திறந்தால் பாலத்தின் நடுவில் இறக்கிவிடுவேன், காற்றடித்தாலும். அவள் கூப்பிடும்போது, நூறாவது தரமென்றாலும், நித்திரை மாதிரிக் கிடக்கமாட்டேன். இது வாக்கு.

உள்ளே அந்த மணி திரும்ப அடிக்கிறது. நான் எழும்பிப் போகவேணும். போக முன்னம், அன்றைக்கு இரண்டு முழம் தள்ளிக் கிடந்து வாயால் சொல்லாமல் விட்ட அந்த ஒன்று:

இருக்கிறன், பெரியையா.

உங்கட பெறாமகன்